தெருமரமா, குறுங்காடா, பனையா, கீரைப் பாத்தியா? ஆடிக்கு முன் எடுக்கவேண்டிய முடிவு

காட்பாடிப் பக்கம் எங்கள் நகரில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மண்வெட்டியோடு வருகிறவர்கள் 14 பேர். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர், ஒரு செவிலியர், கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர், மீதி என்னைப் போல வீடும் வேலையுமாக இருப்பவர்கள். வீட்டுக்கு வீடு வசூலித்த 60,000 ரூபாய் கையில் இருக்கிறது. மனைப்பிரிவு போட்டபோது பூங்காவுக்கென்று ஒதுக்கிய 20 சென்ட் இடமும் இருக்கிறது. பூங்கா என்பது பலகையில் மட்டும்தான். உள்ளே சீமைக் கருவேலமும், யாரோ வீடு இடித்துக் கொட்டிய செங்கல்லும், ஒரு பழைய அடி பம்பும்.

இந்த ஆடியில் என்ன செய்வது என்று போன மாதம் உட்கார்ந்து பேசினோம். நான்கு யோசனைகள் வந்தன. தெருவெல்லாம் மரம் வைப்பது. அந்த 20 சென்ட்டில் மியாவாக்கி முறையில் குறுங்காடு வளர்ப்பது. ஏரிக்கரையில் பனை விதைப்பது. பூங்கா இடத்தில் காய்கறியும் கீரையும் போடுவது. எல்லாமே நல்ல யோசனைகள். ஆனால் 14 பேரால் நாலையும் இழுக்க முடியாது. அதனால் ஒவ்வொன்றையும் அலசிப் பார்த்து எழுதுகிறேன். குடியாத்தத்திலோ ஆற்காட்டிலோ ஆம்பூரிலோ இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் குழுக்களுக்கும் உதவட்டும்.

முதலில் ஒரு பழைய கணக்கைச் சொல்லவேண்டும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நிறுவனம் எங்களுக்கு 100 மரக்கன்று கொடுத்தது. பனியன் கொடுத்தார்கள், பேனர் கட்டினார்கள், ஒரே காலையில் நட்டு முடித்தோம். மறு ஆடியில் நான் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய் எண்ணினேன். உயிரோடு நின்றவை 17. அன்று மனசு விட்டுப்போயிற்று. ஆனால் அந்த 17 எங்கே நிற்கின்றன என்று எழுதிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. டீக்கடை எதிரே 3. ஆட்டோ ஸ்டாண்டில் 3. அம்மன் கோயில் குழாயடியில் 4. இஸ்திரி வண்டி பக்கத்தில் 2. மீதி 5, தினமும் வாசல் தெளித்துக் கோலம் போடும் வீடுகளின் முன்னால். நல்ல மண்ணில் வைத்தவை போயிருந்தன. கல்லும் கப்பியுமான இடத்தில் வைத்தவை நின்றன. இஸ்திரி போடும் அண்ணனிடம் கேட்டேன். "வெயில்ல நானும் அதுவும் ஒண்ணாதான் நிக்கறோம் தம்பி. நான் குடிக்கும்போது மரத்தாண்டயும் ஒரு சொம்பு ஊத்துவேன், அவ்ளோதான்" என்றார்.

அன்றிலிருந்து எந்த யோசனை வந்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: சித்திரையில், அக்னி நட்சத்திரத்தில், இதன் பக்கத்தில் யார் நிற்பார்கள்? வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மலையும் பாறையும் சுற்றி நிற்கும் ஊர். பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரியில் திருப்பித் தருகிற ஊர். நமக்கு ஒரு வசதி என்னவென்றால், கடலோர ஊர்களைப் போல ஐப்பசி மழைக்கு மட்டும் காத்திருக்கவேண்டியதில்லை. தென்மேற்குப் பருவத்திலேயே ஓரளவு நல்ல மழை கிடைத்துவிடும். ஆடி ஆவணியில் நட்டால் கார்த்திகை வரைக்கும் வானம் பார்த்துக்கொள்ளும். தை பிறந்ததும் பொறுப்பு நம் தலையில். தையிலிருந்து அடுத்த ஆடி வரை ஆறு மாதம். அந்த ஆறு மாதத்துக்கு ஒவ்வொரு யோசனையும் என்ன பதில் வைத்திருக்கிறது என்று பார்ப்போம்.

குறுங்காட்டை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் எங்கள் கூட்டத்தில் அதிகம் கைதட்டு வாங்கியது அதுதான். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி (1928–2021) கண்ட முறை. மண்ணை ஆழமாகக் கிளறி, உரமும் உமியும் கலந்து, ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று என்று நெருக்கி நடுவது. செடி, குறுமரம், மரம், ஓங்கி வளரும் மரம் என்று கலந்து வைப்பது. வெளிச்சத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டு கன்றுகள் மேலே போகும். இரண்டு மூன்று வருடம் தண்ணீர் ஊற்றிக் களை எடுத்தால் பிறகு கைவிட்டாலும் தானே வளரும். சென்னை மாநகராட்சி உட்படப் பல ஊர்களில் செய்திருக்கிறார்கள். பறவையும் பட்டாம்பூச்சியும் சீக்கிரம் வந்துவிடும் என்பதும் உண்மை.

இப்போது தண்ணீர்க் கணக்கு. 20 சென்ட்டையும் விடுங்கள், 5 சென்ட்டில் மட்டும் போடுவதாக வைத்துக்கொள்வோம். அது சுமார் 200 சதுர மீட்டர். மூன்று கன்று வீதம் 600 கன்று. வைக்கோல் மூடாக்குப் போட்டாலும் கோடையில் கன்றுக்கு ஐந்து லிட்டராவது வேண்டும். ஒரு நாளைக்கு 3,000 லிட்டர். அடி பம்பில் அடித்து ஆகிற வேலை இல்லை. லாரித் தண்ணீர் வாங்கினால் 60,000 ரூபாய் வைகாசியைத் தாண்டாது. காவிரிக் கூட்டுக் குடிநீரைக் குழாய் போட்டு இழுத்துக் காட்டுக்கு விடுவதை நான் எந்தக் காலத்திலும் ஒப்புக்கொள்ளமாட்டேன். அடுத்த தெருவில் குடத்தோடு நிற்கிறார்கள்.

குறுங்காட்டைப் பற்றி எனக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. அந்த மண்ணில் இயற்கையாக என்ன வளர்ந்திருக்குமோ அதையே வைக்கவேண்டும் என்பதுதான் மியாவாக்கி வலியுறுத்தியது. நம் மண்ணில் என்ன வளர்ந்தது? வேல மரம் சூழ்ந்த ஊர் வேலூர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆர்க்காட்டின் ‘ஆர்’ என்பது ஆத்தி மரம், சோழர் சூடிய மாலையின் ஆத்தி, என்பார்கள். பெயர்க் காரணத்தில் கருத்து வேறுபாடு இருக்கலாம்; ஆனால் அமிர்தி பக்கமோ பாலமதி மலையிலோ நடந்து பார்த்தவர்களுக்கு நம் காடு எப்படிப்பட்டது என்று தெரியும். முள்ளும் புதரும், இடைவெளி விட்டு நிற்கும் மரங்களும், கோடையில் இலை உதிர்த்துவிட்டு மழைக்குக் காத்திருக்கும் காடு அது. அதற்கென்று ஒரு அழகு இருக்கிறது. மழைக்காடு போல எப்போதும் பச்சையாக நெருக்கி நிற்பது இந்த மண்ணின் குணம் இல்லை. தண்ணீர் வசதியும், சம்பளத்துக்குத் தோட்டக்காரரும் உள்ள கல்லூரி வளாகமோ தொழிற்சாலையோ இதைத் தாராளமாகச் செய்யட்டும். எங்களைப் போன்ற ஞாயிற்றுக்கிழமைக் குழுவுக்கு முதல் வேலையாக இது வேண்டாம் என்பது என் முடிவு.

பனை இதற்கு நேர் எதிர். செலவே இல்லை. ஆவணி புரட்டாசியில் பழம் விழும். பொறுக்கி, சதையை நீக்கி, பத்தடிக்கு ஒன்றாக அரையடி ஆழத்தில் புதைத்துவிட்டு வந்தால் தண்ணீர் கேட்காது. அரசும் 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதை விநியோகம் என்று அறிவித்தது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்பதும் அப்போது வந்ததுதான். சல்லி வேர் கரை மண்ணைப் பிடித்துக்கொள்ளும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் புரண்டு வந்ததையும், ஏரிகள் நிரம்பி வழிந்ததையும், கரை எங்கே உடையுமோ என்று ராத்திரி விழித்திருந்ததையும் மறக்காதவர்களுக்குக் கரையில் பனை நிற்பதன் அருமை தெரியும்.

ஆனால் பனை பொறுமை கேட்கும். விதை முளைத்ததும் முதலில் மண்ணுக்குள்தான் இறங்கும். மேலே ஒரு ஓலை எட்டிப் பார்க்கவே ஒரு வருடம் போல ஆகலாம். அதற்குள் "ஒண்ணும் முளைக்கல" என்று பிள்ளைகள் மனசு விட்டுவிடுவார்கள். ஆணா பெண்ணா என்று தெரியவே பன்னிரண்டு, பதினைந்து வருடம். கோடையில் கரைப் புல்லுக்கு யாராவது நெருப்பு வைத்தாலோ, தூர்வார வந்த ஜேசிபி கரையில் ஏறினாலோ போச்சு. அதனால் அனுமதி வாங்கிச் செய்வதே நல்லது. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ள ஏரி நீர்வளத் துறை வசம், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியம் வசம் என்பது பொது வழக்கம். கழிஞ்சூர் ஏரியோ சதுப்பேரியோ, எதுவானாலும் யார் வசம் என்று கேட்டு, ஒரு கடிதம் கொடுத்து, எந்தப் பக்கச் சரிவில் வைக்கலாம் என்று எழுத்தில் வாங்கிவிட்டால் நாளைக்கு ஜேசிபிக்கு முன்னால் நின்று பேச ஒரு காகிதம் இருக்கும்.

பனையை நான் மற்றவற்றோடு போட்டிக்கே நிறுத்தமாட்டேன். புரட்டாசியில் இரண்டு ஞாயிறு, பள்ளிப் பிள்ளைகளோடு. எந்தக் குழுவும் எந்த முடிவோடும் இதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் தெருவில் நிழல் வேண்டும், பகலில் நடக்க முடியவில்லை என்று அழும் பாட்டிக்குப் பனை பதில் ஆகாது.

விதைப்பந்து பற்றியும் ஒருவர் கேட்டார். பிள்ளைகளுக்கு மண்ணில் கை வைக்கிற ஆசை வருவதற்கு நல்லது. மலையில் எறிந்து காடு வரும் என்று நம்பி இருக்கவேண்டாம். அதுவும் காப்புக்காட்டில் வனத்துறையைக் கேட்காமல் எதுவும் செய்யக்கூடாது.

இனி தெருமரம். நிழலுக்கு இதைவிட நேரடியான வழி கிடையாது. புங்கம், வேம்பு, பூவரசு, மகிழம், நாவல் எல்லாம் நம் மண்ணுக்குத் தெரிந்தவை. மின்கம்பிக்குக் கீழே ஆத்தி, பவளமல்லி, நந்தியாவட்டை போன்ற சின்ன மரங்கள் போதும்; இல்லாவிட்டால் வருடா வருடம் மின்வாரியம் வந்து மொட்டையடிக்கும். சாக்கடைச் சுவரை ஒட்டி ஆலும் அரசும் வைத்துவிட்டுப் பிறகு வெட்டுங்கள் என்று மனு கொடுக்கிற பாவம் நமக்கு வேண்டாம். இரண்டடிக்கு இரண்டடி, இரண்டடி ஆழத்தில் குழி. மேல்மண்ணோடு மாநகராட்சியின் நுண்ணுர மையத்து உரமும் கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்பலாம். நம் வீட்டுக் குப்பைதான் அங்கே உரமாகிறது, கேட்டு வாங்கத் தயங்கவேண்டாம். கன்று ஆள் உயரத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும். குட்டிக் கன்றை ஆடு ஒரு வாயில் முடித்துவிடும்.

கூண்டுதான் செலவு. இரும்புக் கூண்டு ஒன்றுக்கு ஆயிரத்துக்கு மேல் சொல்கிறார்கள். 40 மரம் என்றால் கையிலிருக்கும் பணத்தில் பெரும்பகுதி கம்பியாகப் போய்விடும். எங்களிடம் அதைவிட நல்ல வழி இருக்கிறது. பூங்கா இடத்தில் வெட்டி எறியப்போகிற சீமைக் கருவேல முள்ளையே மூன்று மூங்கிலில் சுற்றிக் கட்டினால் ஆடு கிட்டே வராது. இரண்டு வருடம் தாங்கினால் போதும்.

தண்ணீர்? 40 மரத்துக்குப் பத்து லிட்டர் வீதம் 400 லிட்டர், கோடையில் வாரம் மூன்று முறை. கணக்குக்குச் சுலபமாகத் தெரிகிறது. ஆனால் அந்த 40-ம் ஏழெட்டுத் தெருவில் சிதறி நிற்கும். தள்ளுவண்டியில் டிரம் வைத்து வெயிலில் தள்ளுவது யார்? முதல் மாதம் எல்லோரும் வருவார்கள். மாசியில் பரீட்சை, பங்குனியில் திருவிழா, சித்திரையில் ஊருக்குப் போகிறவர்கள். இதெல்லாம் குறை சொல்ல எழுதவில்லை. மனிதர்கள் அப்படித்தான் வாழமுடியும். அதனால்தான் 83 கன்று காய்ந்தது.

எனவே தெருமரத்துக்கு நான் ஒரு நிபந்தனை வைக்கிறேன். ஆள் இருக்கிற இடத்தில் மட்டும் குழி. ஒவ்வொரு குழிக்கும் ஒரு பெயர் எழுதவேண்டும். கடைக்காரர், வாசல் தெளிக்கும் அக்கா, ஆட்டோக்காரர், யாராக இருந்தாலும் அவர்களே எந்த மரம் என்று தேர்ந்தெடுக்கட்டும். பெயர் கிடைக்காத இடத்தில் இந்த வருடம் குழி தோண்டவேண்டாம். எங்கள் தெருக்களில் இப்படிக் கேட்டுப் பார்த்ததில் 22 பெயர் சேர்ந்தது. இஸ்திரி அண்ணன் தன் வண்டிக்குப் பின்னால் இன்னொன்று கேட்டிருக்கிறார், மகிழம்.

கடைசியாகப் பாத்தி. உண்மையைச் சொன்னால் கூட்டத்துக்குப் போகும்போது எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஊரையே பசுமையாக்க வந்துவிட்டுக் கீரை போடுவதா என்று இருந்தது. காய் யாருக்கு என்று சண்டை வரும், மலையோரத் தெருக்களுக்குக் குரங்கு வரும். மனதை மாற்றியது எங்கள் பின்தெரு அக்கா பேசிய நாலு வார்த்தை. "மரம் வெக்கணும்னு எனக்கும் ஆசைதான். ஆனா மரத்துக்குன்னு தினம் வரமாட்டேன், வீட்ல வேல சரியா இருக்கும். கீரை பறிக்கறதுக்குன்னா வருவேன். வந்தா சும்மா போவேனா, பக்கத்துல நிக்கறதுக்கும் ரெண்டு குடம் ஊத்திட்டுதானே போவேன்" என்றார்.

நான் தேடிக்கொண்டிருந்த பதில் அதுதான். டீக்கடை மரம் பிழைத்தது டீக்கடை இருந்ததால். அப்படியென்றால் பூங்கா இடத்துக்குத் தினமும் ஆள் வர ஒரு காரணத்தை நாமே உண்டாக்கவேண்டும். மரம் அந்தக் காரணம் ஆகாது, அது பலன் தர வருடங்கள் ஆகும். முளைக்கீரை மூன்று நான்கு வாரத்தில் பறிப்புக்கு வந்துவிடும். கத்தரி இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே. அதுவும் நம் மாவட்டத்துக்கே உரிய இலவம்பாடி முள்ளுக் கத்தரி, 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. காம்பிலும் இலையிலும் முள், உள்ளே வெண்ணெய். அதைப் பறிக்கக் காலையில் வராமல் யார் இருப்பார்கள்?

கணக்கு இப்படி வருகிறது. முன்பக்கம் 3 சென்ட்டில் பாத்தி, சுமார் 120 சதுர மீட்டர். உச்சக் கோடையில் சதுர மீட்டருக்கு ஐந்து லிட்டர் என்றால் நாளைக்கு 600 லிட்டர். 15 லிட்டர்க் குடத்தில் 40 குடம். எட்டுப் பாத்தி, எட்டு வீடு. ஆளுக்கு ஐந்து குடம். அடி பம்பு தாங்கும். பூங்காவின் நாலு பக்கமும் 30 மரம் வைத்தால் அதற்கு வாரம் இருமுறை 20 குடம், ஆளுக்கு இரண்டரை. லாரி வேண்டாம், டிரம் வண்டி வேண்டாம். வீட்டுத் துவைத்த தண்ணீரைக் கல்வாழை வைத்த சின்ன ஓடையில் விட்டு மரத்துக்குத் திருப்பவும் முடியும். கீரைக்கு மட்டும் அதைப் பாய்ச்சவேண்டாம்.

சண்டைக்கும் வழி யோசித்தோம். பாத்தி குலுக்கல் முறையில். அதில் விளைவது அந்த வீட்டுக்கு. ஓரத்து முருங்கையும் கறிவேப்பிலையும் பொது. இரண்டு வாரம் வராவிட்டால் பாத்தி அடுத்த வீட்டுக்கு. குரங்குக்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை. குரங்கு நடமாட்டம் அதிகமுள்ள சத்துவாச்சாரி மலையடிவாரம் போன்ற இடங்களில் தக்காளி, கத்தரியைவிடக் கீரையும் மூலிகையும் பாதுகாப்பு.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்லவேண்டும், முக்கியமாக ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு நண்பர்களுக்கு. தோல் பதனிடும் கழிவு நம் நிலத்தடி நீரில் கலந்த கதை நமக்கு நன்றாகத் தெரியும். வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில்தான், மாசு செய்தவரே ஈடு கட்டவேண்டும் என்பதும், கேடு வருமுன் காக்கவேண்டும் என்பதும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதியானது. நம் மாவட்டத்துச் சாதாரண மக்கள் நாட்டுக்கே வாங்கித் தந்த தீர்ப்பு அது. ஆனால் தீர்ப்பு வந்ததால் மட்டும் மண்ணில் இறங்கிய உப்பும் குரோமியமும் போய்விடாது. அப்படிப்பட்ட இடத்தில் கிணற்று நீரையும் மண்ணையும் பரிசோதிக்காமல் தின்கிற பொருள் எதையும் விதைக்கவேண்டாம். விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது; எங்கே பரிசோதிக்கலாம், என்ன வைக்கலாம் என்று கேளுங்கள். நீர் உப்பு என்று வந்தால் பாத்தியை விட்டுவிட்டு உப்பைத் தாங்கும் புங்கத்துக்கும் பூவரசுக்கும் போகலாம். அந்த ஊர்களுக்கு என் வரிசை மாறும்: பெயர் எழுதிய தெருமரம் முதலில், பாத்தி இல்லவே இல்லை.

எங்கள் நகருக்கு நான் சொல்வது: பாத்தியும் அதைச் சுற்றி 30 மரமும் முதல் வேலை. பெயர் கிடைத்த 22 தெருமரம் அதோடு. புரட்டாசியில் பனை. குறுங்காடு இந்த வருடம் இல்லை. பாத்திக்கு வருகிற எட்டு வீடு இரண்டு கோடையைத் தாண்டி நின்றால், பின்பக்கம் ஒரு சென்ட்டில் ஆத்தியும் வேலமும் சரக்கொன்றையும் வைத்துப் பார்க்கலாம் என்று குறுங்காடு கேட்ட தம்பிகளிடம் சொல்லியிருக்கிறேன். அவர்கள் முகம் வாடியது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அந்த ஒரு சென்ட்டுக்குச் செடிப் பட்டியலை அவர்களையே இப்போதிருந்து தயார் செய்யச் சொன்னேன்.

ஒதுக்கீட்டு இடம் மாநகராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தது என்பதால் அவர்கள் அனுமதி இல்லாமல் ஒரு முள்ளைக்கூட வெட்டக்கூடாது. ஆசிரியர் ஐயா மனு எழுதிவிட்டார், திங்கட்கிழமை மண்டல அலுவலகத்தில் கொடுக்கிறோம். எட்டு வீட்டுக்காரர்களின் கையெழுத்தும் இருக்கிறது. அனுமதி வந்த ஞாயிறே கருவேலத்தைத் தூரோடு எடுப்போம். வேரை விட்டால் ஒரே மழையில் துளிர்த்துவிடும். தோல் கையுறை உள்ளவர்கள் கொண்டு வாருங்கள். அடி பம்புக்கு வாஷர் வாங்கி வைத்துவிட்டேன்.